மிளகாய் நெடியும் கண்ணாடிச் சுவரும்: வாசகர் கேள்வி – பதில்

உணவு உற்பத்தி ஆலைகளின் கட்டட அமைப்பைப் பற்றி வாசகர்களிடமிருந்து கேள்விகளை வரவேற்றிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாதவரம், மணலி, விச்சூர், எண்ணூர், கொடுங்கையூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளிலிருந்து வந்தவை என்பதாலும், அவற்றில் பல ஆலையோடு சேர்ந்த அலுவலகக் கட்டடத்தைப் பற்றியே கேட்டிருந்தமையாலும், இவ்விதழ்ப் பகுதியை அதற்கே ஒதுக்கியுள்ளோம். வடசென்னையில் தொழிற்கூடங்களை வடிவமைத்து வரும் கட்டடக்கலைஞர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: விச்சூர் தொழிற்பேட்டையில் எங்கள் மசாலாப் பொடி, ஊறுகாய் ஆலை பன்னிரண்டு ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஆலைக்கு முன்னுள்ள காலி இடத்தில் மூன்று தளங்கள் கொண்ட நவீன அலுவலகம் கட்ட எண்ணியுள்ளோம். தரைத்தளத்தில் வரவேற்பறையும் கணக்குப் பிரிவும், முதல் தளத்தில் தர ஆய்வகமும், அதற்கு மேல் இயக்குநர் அறைகளும் வருகின்றன. அலுவலகத்திலிருந்து நேரே ஆலைக்குள் செல்ல ஒரு கதவும் உண்டு. வரைபடம் தயாராகிவிட்டது. கட்டத் தொடங்குமுன் வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

— மசாலா உற்பத்தியாளர், விச்சூர்

பதில்: தங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்து போகிற அந்தக் கதவைப் பற்றித்தான் நான் முதலில் பேச வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஓர் ஆலைக்கு, இதே போன்ற ஒரு கதவை நானே வரைந்து கொடுத்தேன். மேலாளர் மழையில் நனையாமல் ஆலைக்குள் போய் வர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஓராண்டு கழித்துச் சென்று பார்த்தபோது, கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் தொழிலாளர் கழிப்பறை அருகில் இருப்பதால் பொதி கட்டும் கூடத்தின் வழியே போய் வந்தார்கள். கூரியர் கொண்டு வந்த இளைஞர் அதே வழியில் கிடங்குப் பொறுப்பாளரைத் தேடிக்கொண்டு போனார். தெருவில் நடந்த செருப்புடன் ஆறேழு பேர் ஒரு நாளில் அரைத்த பொடி திறந்து கிடக்கும் இடத்தைக் கடந்தார்கள். கதவில் ‘அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது’ என்ற பலகை இருந்தது. குறுக்கு வழி ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு அதில் நடக்காதே என்று எழுதி வைத்தவன் நான்தான் என்பதால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே வரைபடத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு முழு வேலை நாளில் தங்கள் வளாகத்தில் யார் யார் எங்கிருந்து எங்கே நடக்கிறார்கள் என்பதை ஒரு காகிதத்தில் கோடுகளாக வரையச் சொல்லுங்கள். ஆலைத் தொழிலாளருக்கு ஒரு நிறம், அலுவலகப் பணியாளருக்கு ஒன்று, வெளியிலிருந்து வருவோருக்கு ஒன்று, லாரி ஓட்டுநர்களுக்கு ஒன்று, கழுவாத மிளகாயும் மஞ்சளும் வரும் வழிக்கு ஒன்று, முடிந்த சரக்கு வெளியேறும் வழிக்கு ஒன்று, குப்பைக்கு ஒன்று என்று ஏழு நிறங்கள் போதும். எந்த இடத்தில் இரண்டு நிறங்கள் வெட்டிக்கொள்கின்றனவோ அந்த இடத்தில்தான் கட்டடக்கலைஞரின் வேலை இருக்கிறது. மண்ணும் தூசியுமாக வரும் மூலப்பொருள் ஒரு முனையில் நுழைந்து, திரும்பி வராமல் மறு முனையில் பொதியாக வெளியேற வேண்டும் என்பது உணவு ஆலையின் அடிப்படை ஒழுங்கு. அலுவலகம் அந்த ஓட்டத்தின் குறுக்கே படுத்துக் கிடக்கக் கூடாது. அலுவலகத்தையும் ஆலையையும் இணைக்கும் கதவு வேண்டும் என்றால், அது உடை மாற்றும் அறைக்குள் மட்டுமே திறக்கட்டும். இயக்குநரே ஆனாலும் அந்த அறையில் காலணி மாற்றி, தலையுறை அணிந்து, கை கழுவிய பிறகே அடுத்த கதவைத் தொட முடியும் என்று சுவர்கள் அமைந்துவிட்டால், பலகை எழுத வேண்டிய தேவையே இராது.

அந்த ஏழு கோடுகளில் நம்மவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது லாரி ஓட்டுநர்களுடையது. குண்டூரிலிருந்து மிளகாய் ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டி வருபவர் மணலி நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் மேலும் சில மணி நேரம் நின்றுவிட்டுத் தங்கள் வாயிலை அடைகிறார். அவருக்கு வேண்டியவை பில்லைக் கொடுக்க ஒரு சாளரம், உட்கார நிழலில் ஒரு திண்ணை, குடிநீர், கழிப்பறை ஆகிய நான்குதான். இவை வாயிற்காவலர் அறையை ஒட்டி இல்லையென்றால், அவர் அவற்றைத் தேடிக்கொண்டு அலுவலகத்துக்குள்ளும், சில வேளை கிடங்குக்குள்ளும் வருவார். வரவேற்பறையின் பளிங்குத் தரைக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

அடுத்தது காற்று. மிளகாய் அரைக்கும் ஆலைக்கு இது அழகைவிடப் பெரிய செய்தி. நெடி ஒரு முறை குளிர்சாதனக் கருவியின் வடிகட்டிக்குள் ஏறிவிட்டால் மூன்று தளங்களிலும் நாள் முழுவதும் தும்மல்தான். சென்னையில் கோடைப் பிற்பகல்களில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலை வேளைகளில் மேற்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும் அடிக்கும். ஐப்பசி பிறந்தால் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அரைவைக்கூடம் மனையின் வடமேற்கு மூலையிலும் அலுவலகம் தென்கிழக்கு மூலையிலும் அமைந்தால், இந்த மூன்று காற்றுகளில் எதுவும் நெடியை அலுவலகத்தின் மேல் கொண்டு வந்து கொட்டாது. தங்கள் ஆலை ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டதால் அரைவை எந்த மூலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அலுவலகத்தை அதற்கு எதிர் மூலைக்கு நகர்த்த முடியாவிட்டால், குளிர்சாதனத்துக்குப் புதுக் காற்றை உறிஞ்சும் துளைகளையாவது அரைவைக்கு எதிர்ப்புறச் சுவரில் வைக்கச் சொல்லுங்கள்.

முன்புறத்தில் தோட்டம் வைக்கும் ஆசை இருந்தால் ஒரு சொல். கட்டடச் சுவரை ஒட்டிப் புதர்ச்செடிகளும் கொடிகளும் வேண்டாம்; எலி அவற்றின் நிழலில்தான் வளை தோண்டும். சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சரளைக்கல் பட்டை போட்டு, அதற்கு அப்பால் புல்லும், தள்ளி மரமும் வைக்கலாம். கனி உதிர்க்கும் மரங்கள் அணிலையும் வௌவாலையும் ஈயையும் அழைத்து வரும். கதவுக்கு நேர் மேலே வெள்ளை விளக்கைப் பொருத்தினால் இரவுப் பணியின்போது பூச்சிகள் கதவருகே திரண்டு நிற்கும். மஞ்சள் ஒளி தரும் விளக்கைச் சற்றுத் தள்ளிக் கம்பத்தில் நட்டு, ஒளியைக் கதவின் மேல் விழச் செய்வது நல்லது.

கேள்வி: எங்கள் பிஸ்கட் ஆலையின் புது அலுவலகத்துக்கு முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி வைக்கலாம் என்று ஒப்பந்ததாரர் கூறுகிறார். சாலை மேற்கே இருப்பதால் முகப்பும் மேற்கு பார்த்தே அமையும். ‘கண்ணாடி இல்லாவிட்டால் நவீனமாகத் தெரியாது’ என்கிறார். தங்கள் கருத்து?

— வாசகி, மாதவரம்

பதில்: மாதவரம் வெயிலை அறிந்த ஒருவர் மேற்கு முகப்பில் தரை முதல் கூரை வரை கண்ணாடி வைக்கச் சொல்கிறார் என்றால், மின் கட்டணத்தைச் செலுத்தப் போகிறவர் அவர் அல்லர் என்பது தெளிவு.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஆகவே ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது சற்று வடக்கே சாய்ந்தும், மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்தும் செல்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில் சூரியன் தென்வானில் ஏறத்தாழ 54 பாகை உயரத்தில் இருக்கும். ஐந்தடி உயரச் சன்னல் ஒன்றுக்குத் தெற்குச் சுவரில் முழு நிழல் தர மூன்றே முக்கால் அடி சன்ஷேடு தேவைப்படும். ஜூன் 21 அன்று அது வடவானில் 80 பாகையை நெருங்கி நிற்பதால், வடக்குச் சுவரில் அதே சன்னலுக்கு நண்பகலில் ஓரடி சன்ஷேடே போதும். மேற்குச் சுவரிலோ, மார்ச் அல்லது செப்டம்பர் மாதத்தில் மாலை நான்கு மணி வெயிலை மறைக்க அதே ஐந்தடிச் சன்னலுக்கு ஏறத்தாழ ஒன்பதடி நீளச் சன்ஷேடு வேண்டும். அதை யாரும் கட்டப் போவதில்லை. எனவே வெயில் உள்ளே வரும்; திரைகளை இறக்குவார்கள்; திரை இறங்கியதும் இருட்டாகிவிடுவதால் பட்டப்பகலில் விளக்கெரிப்பார்கள்; கண்ணாடியை ஊடுருவி வந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓடும். இந்த வட்டத்தை நான் பல அலுவலகங்களில் பார்த்துவிட்டேன். ஓரிடத்தில் ஆறாம் மாதமே கண்ணாடியின் உட்புறம் கறுப்பு ஒட்டுத்தாளும், அதன் மேல் பழைய விளம்பரப் பதாகையும் ஒட்டப்பட்டிருந்தன.

மேற்கு முகப்பைத் தவிர்க்க முடியாத மனையில் நான் செய்வது வேறு. படிக்கட்டு, மின்தூக்கி, கழிப்பறைகள், ஆவண அறை, மின்பலகை அறை ஆகிய, யாரும் நெடுநேரம் உட்காராத இடங்களை மேற்கே வரிசையாக அடுக்கிவிட்டால் அவையே வெயிலுக்கு ஒரு தடுப்புச் சுவராகி, அவற்றுக்கு அப்பால் வேலை செய்பவர்களைக் காக்கும். பணியிடங்களுக்கு வடக்கிலும் தெற்கிலும் அகலமான சன்னல்கள் வைத்தால் எழுத்து வேலைக்கு வேண்டிய 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சத்தின் பெரும்பகுதி பகலில் வானத்திலிருந்தே கிடைக்கும். மேற்கு முகப்பில் சாலையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஏதேனும் வேண்டும் என்றால் துளைகள் கொண்ட சுட்ட மண் ஜாலியோ, செங்குத்தான பட்டைகளோ வைக்கலாம். அவை சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிற்க வேண்டும். இடையில் காற்று ஏறி இறங்கினால்தான் வெப்பம் சுவருக்குத் தாவாது. அடுப்பும் சூளையும் நாள் முழுவதும் எரியும் பிஸ்கட் ஆலைக்குச் சுட்ட மண் முகப்பு பொருத்தமாகவே இருக்கும் என்பது என் சொந்த ருசி. ஒப்பந்ததாரர் ஏற்க வேண்டியதில்லை.

கூரையையும் மறக்க வேண்டாம். நம் பழைய மெட்ராஸ் கட்டடங்களில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். அந்தப் பருமன் வெப்பத்தைத் தாமதப்படுத்தியது. இன்று அதற்குப் பதிலாக வெப்பத் தடுப்புப் பலகையும் வெள்ளைக் கூலிங் டைல்ஸும் போடுகிறோம். எதுவானாலும் மேல் பரப்பு வெள்ளையாக இருக்கட்டும். மேல் தளத்தில் உட்காரப் போகிறவர்கள் இயக்குநர்கள் என்றால் இதற்குப் பணம் ஒதுக்குவது எளிது.

கேள்வி: மணலி புதுநகரில் நாங்கள் வாங்கியுள்ள மனை 2023 வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் இருந்ததாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். இங்கே ஆயத்த இட்லி மாவு, சட்னி தயாரிக்கும் ஆலையும் அலுவலகமும் கட்டலாமா?

— புதிய தொழில்முனைவர், மணலி புதுநகர்

பதில்: மனையை வாங்கிவிட்டீர்கள் என்பதால் ‘கட்டலாமா’ என்ற கேள்வி ‘எந்த உயரத்தில் கட்டுவது’ என்று மாறிவிடுகிறது. பூண்டி ஏரியின் உபரி கொசஸ்தலையாற்றிலும், புழல் ஏரியின் உபரி அதற்குரிய கால்வாயிலும் ஓடி, இரண்டும் எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கியே வருகின்றன. கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரத்தில் அந்த நீர் வடிய இடமின்றித் தேங்கும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நேர்ந்ததைத் தங்கள் அக்கம்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாம் முறை எண்ணூர்ப் பகுதியில் நீரோடு எண்ணெய்ப் படலமும் வந்தது. அவ்வாறான நீர் ஒரு சாண் உயரம் ஆலைக்குள் புகுந்தாலும் அங்கிருக்கும் உணவுப் பொருள் முழுவதையும் அழித்துவிட வேண்டியதுதான்.

பக்கத்துச் சுவர்களில் 2023-இன் நீர்க்கறை இன்னும் இருக்கும். ஒரு மேஸ்திரியையும் டியூப் லெவலையும் (மட்டம் பார்க்கும் நீர்க்குழாய்) கொண்டு அந்த மட்டத்தைத் தங்கள் மனைக்குக் கடத்துங்கள். பேஸ்மட்டம் அதற்கு மேல் குறைந்தது இரண்டடி உயரட்டும். அவ்வளவு உயரத்துக்கு மனை முழுவதையும் மண்ணிட்டு நிரப்பினால் தங்கள் மழைநீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். அது முறையும் ஆகாது, நெடுநாள் நிம்மதியும் தராது. கட்டடத்தை மட்டும் உயர்த்தி, சுற்றுப்புறத்தைத் தாழ்வாக விட்டு, சரக்கு ஏற்றும் மேடையை லாரித் தட்டின் உயரத்துக்கே அமைத்துவிட்டால் பேஸ்மட்டத்தின் உயரம் வீண் செலவாகத் தோன்றாது. நடந்து வருவோருக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் சாய்தளம் வேண்டும். நான்கடி ஏற நாற்பத்தெட்டடி நீளமும் இடையில் ஓய்வுத் தட்டுகளும் தேவைப்படும் என்பதால், அதற்கான இடத்தை முதல் வரைபடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

தங்களைப் போன்ற மனையில் அலுவலகத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. மின்பலகை, ஜெனரேட்டர், சர்வர், கணக்கு ஆவணங்கள், ஆய்வகத்தில் பாதுகாக்கும் மாதிரிகள் ஆகியவற்றை முதல் தளத்தில் வைத்துவிட்டால், தரைத்தளம் நனைந்தாலும் குளிர்ப்பதன அறையின் மின்சாரம் நிற்காது. ஜெனரேட்டரின் எடையையும் அதிர்வையும் தாங்கும்படி அந்தத் தளத்தை வடிவமைக்கப் பொறியாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நிலத்தடியில் கடற்களிமண் இருக்கும் வாய்ப்பு அதிகம். மண் பரிசோதனை செய்யாமல் அடித்தளத்தை முடிவு செய்ய வேண்டாம். ஆழத்துக்குத் தூண்களை இறக்கும் பைல் அடித்தளம் தேவைப்பட்டால் அந்தச் செலவை முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது. உப்புக் காற்றையும் கணக்கில் எடுங்கள். கடலோரச் சூழலில் வெளிப்படும் கான்கிரீட்டை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 : 2000 ‘கடுமையான’ வகையில் சேர்த்து, எம்30 என்ற வலிமைத் தரத்தையும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலையும் கேட்கிறது. நம் பகுதியில் பல கட்டடங்களில் சன்ஷேடுகள் பத்து ஆண்டுகளில் உதிர்ந்து கம்பி தெரிவதற்கு, மூடலில் சேமித்த அந்த ஓரங்குலம்தான் பெரும்பாலும் காரணம்.

கேள்வி: நான் ஓர் உணவு ஆலையில் பணியாளர் நலப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பூ, வளையல், மெட்டி ஆகியவற்றைக் கழற்றச் சொல்வதில் நாள்தோறும் மனக்கசப்பு. புதிய கட்டடத்தில் இதற்கு ஏதேனும் வழி செய்ய முடியுமா?

— வாசகி, திருவொற்றியூர்

பதில்: இந்த வாரக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது தங்களுடையதுதான். கட்டடக்கலைஞர்கள் முகப்புக்காக மூன்று மாதங்கள் யோசித்துவிட்டு, உடை மாற்றும் அறையை மீதமிருக்கும் மூலையில் ஒரு கட்டமாக வரைந்துவிடுகிறார்கள். ஆலையில் சேரும் ஒருவர் நாளின் முதல் பத்து நிமிடங்களையும் கடைசிப் பத்து நிமிடங்களையும் கழிப்பது அந்தக் கட்டத்தில்தான்.

காலையில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வரும் ஒருவரிடம் அதைக் குப்பைத் தொட்டியில் போடச் சொன்னால் கசக்கத்தான் செய்யும். மாலையில் அவர் அதை மீண்டும் சூடிக்கொண்டு போகும்படி, நீர் தெளித்து வைக்கச் சிறு தட்டுகள் கொண்ட மாடம் ஒன்றை அறையின் வெளிப்பகுதியில் அமைத்துப் பாருங்கள். வளையலுக்கும் மோதிரத்துக்கும் ஒவ்வொருவருக்கும் பூட்டுள்ள சிறு அறை, முழு உயரக் கண்ணாடி, தனித்தனித் தடுப்புகள் வேண்டும். தாலியைக் கழற்றச் சொல்லாமல், கழுத்து வரை மூடிய மேலங்கிக்குள் அடங்கச் செய்வது பல ஆலைகளில் உள்ள நடைமுறை. மெட்டி மூடிய காலணிக்குள் தங்கிவிடும்.

அறையின் நடுவே குறுக்காக ஒரு நீண்ட இருக்கைச் சுவர் கட்டுங்கள். தெருச் செருப்பு அதற்கு இப்பால் நிற்கும். அதில் உட்கார்ந்து காலைத் தூக்கி மறுபுறம் வைத்து ஆலைக் காலணியை மாட்டிக்கொள்வார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழையும் பழக்கம் நம் அனைவருக்கும் இருப்பதால் இந்த ஏற்பாட்டை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதைத் தாண்டியதும் கை படாமல் காலாலோ முழங்காலாலோ திறக்கும் குழாய்கள், சோப்பு, கை உலர்த்தும் வசதி, பிறகுதான் ஆலைக் கதவு. கழிப்பறைகள் இருக்கைச் சுவருக்கு வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். உணவைக் கையாளும் பகுதிக்குள்ளோ சேமிக்கும் பகுதிக்குள்ளோ கழிப்பறை நேரே திறக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு உரிமம் தொடர்பான 2011-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் நான்காம் அட்டவணை தெளிவாகச் சொல்கிறது.

சாப்பாட்டுத் தூக்கு வைக்க இடம் உணவருந்தும் கூடத்தில்தான் இருக்க வேண்டும். உடை அறையில் வைத்தால் எறும்பு வரும். அலுவலகத்தாரும் ஆலைத் தொழிலாளரும் ஒரே கூடத்தில் சாப்பிடுவதே என் விருப்பம். கட்டடச் செலவு குறையும் என்பது ஒருபுறம் இருக்க, மேலாளர் அமரும் கூடத்தில் மின்விசிறி பழுதானால் அன்றே சரியாகிவிடும்.

பூவைப் பற்றிப் பேசும்போதே ஆயுத பூஜையையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைப்பதை எந்த ஆலையிலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். அலுவலகத்தின் முன்கூடத்தில் நல்லதொரு பூஜை மாடமும், வாயிலில் பூசணி உடைக்க எளிதில் கழுவக்கூடிய கல்தளமும் அமைத்துவிட்டால், உற்பத்திக் கூடத்துக்குள் குங்குமப் பொடியும் எலுமிச்சைத் துண்டும் போகாமல் விழாவை நடத்தலாம்.

கேள்வி: ஏற்றுமதி வாடிக்கையாளர்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்கள். அவர்களை ஒவ்வொரு முறையும் உள்ளே அழைத்துச் செல்வது சிரமமாக உள்ளது. ஆய்வகத்தை ஆலைக்குள் வைப்பதா, அலுவலகத்தில் வைப்பதா என்பதும் முடிவாகவில்லை.

— முறுக்கு, சீடை உற்பத்தியாளர், தண்டையார்பேட்டை

பதில்: வருவோருக்கு ஒரு பார்வை நடைபாதை கட்டுங்கள். அலுவலகத்தின் முதல் தளத்திலிருந்து தொடங்கி, ஆலையின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி மேலே ஓடும் மூடிய நடைபாதையில் நின்று கண்ணாடி வழியே மாவு பிசைவது முதல் பொதி கட்டுவது வரை எல்லாவற்றையும் அவர்கள் பார்க்கலாம். ஒருவருக்கும் தலையுறை தேவையில்லை. அந்தக் கண்ணாடி உடைந்தாலும் சிதறி விழாத அடுக்குக் கண்ணாடியாக இருக்கட்டும். சன்னலின் அடிக்கட்டை ஆலைப் பக்கத்தில் சரிவாக இருந்தால் மாவுத் தூசி அதில் படியாது. யாரும் ஸ்பானரையோ டீக்குவளையையோ அதன் மேல் வைக்கவும் முடியாது.

ஆய்வகத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஈரப்பதம், எண்ணெயின் தரம், உப்பு போன்ற உடனடிச் சோதனைகளுக்கு ஆலையை ஒட்டி ஒரு சிறு மேசை போதும். நுண்ணுயிர்ச் சோதனை செய்யும் அறை அலுவலகப் பகுதியில், தனிக் காற்றோட்டத்துடன், ஆலைக்கு நேர்க் கதவு இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே கிருமிகளைத் தெரிந்தே வளர்க்கிறோம். அவற்றை வளர்த்த கையோடு ஒருவர் எண்ணெய்ச் சட்டிக்கு அருகே வந்து நிற்கக் கூடாது. சுவை பார்க்கும் அறை வேண்டும் என்றால் ஆய்வகத்திலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி, வெள்ளை வெளிச்சத்தில், மணம் புகாத இடத்தில் அமையட்டும்.

கேள்வி: தென்கிழக்கு அக்கினி மூலை என்பதால் பாய்லரை அங்கேதான் வைக்க வேண்டும், அலுவலகம் தென்மேற்கில் வர வேண்டும் என்கிறார் எங்கள் வாஸ்து ஆலோசகர். ஏற்கலாமா?

— வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: அடுப்படி தென்கிழக்கில் இருக்க வேண்டும் என்பது வீட்டுக்குச் சொன்னது, பாய்லரின் புகைபோக்கியை மனத்தில் கொண்டு சொன்னதன்று. தென்கிழக்குக் கடற்காற்று வீசும் பிற்பகல்களில் அந்த மூலையிலிருந்து கிளம்பும் புகை மனை முழுவதையும் குறுக்காகக் கடந்துதான் போகும். ஆலோசகரிடம் ஒரு சமரசம் கேட்டுப் பாருங்கள்: அக்கினி மூலையில் உணவருந்தும் கூடத்தின் சமையலறை வரட்டும், பாய்லர் வடமேற்குக்குப் போகட்டும். என் அனுபவத்தில் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

கேள்வி: இடம் குறைவு. கீழே அப்பளத் தயாரிப்பு, முதல் மாடியில் அலுவலகம், இரண்டாம் மாடியில் என் குடும்பம் என்று ஒரே கட்டடமாகக் கட்ட எண்ணுகிறேன். ஒரே படிக்கட்டு போதுமா?

— வாசகர், கொடுங்கையூர்

பதில்: போதாது. உற்பத்தி இடத்திலிருந்து குடியிருப்புக்கு நேரடி வழி இருக்கக் கூடாது என்பதும் உணவுப் பாதுகாப்பு உரிம ஒழுங்குமுறையின் நான்காம் அட்டவணையில் உள்ளது. குடும்பத்துக்கு வெளிப்புறமாகத் தனிப் படிக்கட்டும் தனி வாயிலும் வேண்டும். அப்பளம் காய வைக்க மொட்டை மாடியை மனத்தில் வைத்திருந்தால் அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கமிருந்து வரும் தூசியும் ஈயும் போதும். மூடிய உலர்த்தும் அறைக்கு இடம் ஒதுக்கிய பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒருவேளை குடியிருப்பை வேறிடத்துக்கு மாற்றுவதே சிக்கனம் என்று தோன்றலாம்.

கேள்வி: அனுமதிகளை எந்த வரிசையில் பெறுவது? வரைபடத்தை எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கும்?

— மசாலா உற்பத்தியாளர், விச்சூர் (முதல் கேள்வியைக் கேட்டவரே)

பதில்: வரிசையைவிட, எல்லோருக்கும் ஒரே வரைபடம் போக வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். கட்டட அனுமதிக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமோ உள்ளாட்சி அமைப்போ 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பக்க இடைவெளி, வாகன நிறுத்தம், மழைநீர் சேகரிப்பு ஆகியவற்றைப் பார்க்கும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் வெளியேறும் வழிகளையும் காற்றோட்டத்தையும், தீயணைப்புத் துறை படிக்கட்டுகளையும் நீர்த்தொட்டியையும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கழிவுநீரையும் புகைபோக்கியையும் கேட்கும். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு, ஒவ்வொரு பணிக்கும் ஒதுக்கிய பரப்பை மீட்டர் அளவில் குறித்த ஆலை வரைபடத்தை இணைக்க வேண்டும். நீர்ப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். இந்த ஐந்து இடங்களுக்கும் ஐந்து விதமான வரைபடங்கள் போவதும், ஆய்வுக்கு வரும் அதிகாரி ஆறாவதாக ஒரு கட்டடத்தைப் பார்ப்பதும் இங்கே சாதாரணமாக நடக்கிறது.

உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான வரைபடத்தைக் கட்டி முடித்த பிறகு வரைந்துகொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நான் அதை முதலில் வரையச் சொல்வேன். சுவர்களின் இடத்தை உண்மையில் முடிவு செய்வது அதுதான். தங்கள் கடிதத்தில் சொன்ன அந்தக் கதவை அதில் ஒருமுறை வரைந்து, ஏழு நிறக் கோடுகளையும் அதன் வழியே ஓட்டிப் பாருங்கள். எத்தனை கோடுகள் அதில் நெருக்கிக்கொண்டு நுழைகின்றன என்று அடுத்த கடிதத்தில் எழுதினால், கதவை எங்கே நகர்த்தலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.